கரிஜினியில் ஒரே நாளில் இரண்டு கோர்ஜ்: பிள்ளைகளோடு போகிறவர்கள் பார்க்கவும்

செம்மண்சட்டை (பெர்த்) | ஜூலை 14, இரவு 9.50

போன வாரம் மேற்கு ஆஸ்திரேலியாவின் கரிஜினி தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டு வந்தோம். இங்கே நிறையப் பேர் அடுத்த வருட விடுமுறைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். பாதி பயணக் கதை, பாதி என் தப்புக் கணக்கு.

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, மகள் (12), மகன் (7), ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா (67). அம்மாவுக்குத் தென்காசிப் பக்கம். அவளுக்கு அருவி என்றால் குற்றாலம்தான், மற்றதெல்லாம் குழாயடி.

பெர்த்திலிருந்து 1,400 கிலோமீட்டர் சொச்சம். வழியில் ஒரு ராத்திரி தங்கி, நியூமன் வழியாகப் போனோம். பூங்காவுக்குள் நுழைந்ததும் கண்ணுக்குத் தெரிவது கோர்ஜ் என்கிற பாறைப் பள்ளம் இல்லை, வெறும் சமவெளி. திட்டுத்திட்டாக ஸ்பினிஃபெக்ஸ் புல், ஆளுயரக் கரையான் புற்று, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைத் தண்டு யூகலிப்டஸ். "இதுல எங்கடா தண்ணி?" என்று அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டாள். டேல்ஸ் கோர்ஜ் கார் பார்க்கில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் பதில் கிடைத்தது. தரை அப்படியே பிளந்து கிடக்கிறது. எட்டிப் பார்த்தால் அடியில் பச்சை மரம், அதற்கும் கீழே தண்ணீர்.

ஃபோர்டெஸ்க்யூ அருவிக்கு இறங்கும் படிகள் நன்றாகவே இருக்கின்றன. கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா எனக்கு முன்னால் இறங்கிவிட்டாள். அருவி உயரத்திலிருந்து கொட்டுவதில்லை. படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காய் இருக்கும் செம்பாறையில் வழிந்து இறங்குகிறது. அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஃபெர்ன் பூல். மரத் தளம் போட்டு, தண்ணீருக்குள் இறங்க ஏணி வைத்திருக்கிறார்கள். இது பழங்குடி மக்களுக்குப் புனிதமான இடம், குதிக்காமல் கத்தாமல் அமைதியாக இறங்குங்கள் என்று பலகையில் எழுதிக் கேட்டுக்கொள்கிறார்கள். மகன் அதை வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை.

அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. நைட்டிக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, நானும் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு எதிர்க்கரை அருவிக்குக் கூட்டிப்போனோம். அருவிக்குப் பின்னால் உட்கார ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் குட்டி மீன்கள் வந்து விரலைக் கொறிக்கும். அம்மா சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "தண்ணி விழுறது போதாது, ஆனா தள்ளுமுள்ளு இல்லையே" என்பது அவள் தீர்ப்பு.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்று. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஹேன்காக் கோர்ஜையும் பார்த்துவிடலாம் என்று கிளப்பிக்கொண்டு போனேன். அங்கே போய்ச் சேர இரண்டே கால். அது கிளாஸ் 5 பாதை, இருப்பதிலேயே கடினமான வகை. அம்மாவும் மகனும் மனைவியும் மேலே இருந்துகொள்ள, நானும் மகளும் இறங்கினோம்.

முதலில் படி, அப்புறம் இரும்பு ஏணி, அப்புறம் பாறைத் தரை. ஓரிடத்தில் வழி முழுக்கத் தண்ணீர். பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டும் போகலாம், இறங்கி நீந்தியும் போகலாம். நீந்தினோம். ஃபெர்ன் பூலில் இதமாகத் தெரிந்த தண்ணீர் இங்கே எலும்பைத் தொட்டது. வெயில் எங்கோ தலைக்கு மேலே, சுவரின் நுனியில்தான். மகள் அங்கேயே சொன்னாள், "அப்பா, போதும், திரும்பிடலாம்" என்று. "இன்னும் கொஞ்சம்தான்மா" என்றேன்.

ஸ்பைடர் வாக் என்ற இடம் பேருக்கு ஏற்ற மாதிரிதான். சுவர் இரண்டும் நெருங்கி வந்து நடுவில் ஓடை ஓடும். வலது கை வலது சுவரில், இடது கை இடது சுவரில், காலும் அப்படியே. வழி காட்டுகிறேன் என்று நான் முன்னால் போனேன். பாதியில் திரும்பிப் பார்த்தால் மகள் நகரவில்லை. உதடு நீலம். முழங்கால் நடுங்குவது எனக்கே தெரிகிறது. அவளிடம் திரும்பிப் போக எனக்கு வழி இல்லை, நடுவில் ஒரு ஆள் நிற்க மட்டுமே இடம். அவளுக்குப் பின்னால் வந்த ஒரு பெண் தன் காலை ஒரு பிடிமானத்தில் வைத்துக் காட்டி, "இங்கே வை, இப்போது அங்கே" என்று ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி அழைத்துப் போனாள். அந்தப் பெண்ணின் பேர்கூடக் கேட்கவில்லை.

ஸ்பைடர் வாக்கைத் தாண்டினால் வரும் கெர்மிட்ஸ் பூலை நாங்கள் பார்க்கவில்லை. ஏணி ஏறும்போது மகளின் விரல்கள் கம்பியைப் பிடிக்க மறுத்தன. மேலே வந்தபோது நாலரை. ஜூலையில் அங்கே ஐந்தரைக்குச் சூரியன் இறங்கிவிடும். மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "அஞ்சு மணிக்கும் நீங்க வரலேன்னா நான் யாருகிட்ட போய்ச் சொல்லணும்?" போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. என்னிடம் பதிலும் இல்லை.

பக்கத்து ஊரான டாம் பிரைஸ் போய்ச் சேரும்வரை மகள் என்னோடு பேசவில்லை.

என் கட்சி இதுதான். ஒரு நாளைக்கு ஒரு கோர்ஜ் போதும். இரண்டாவதற்குள் நுழையும்போது கால் ஓய்ந்திருக்கும், துணி ஈரமாயிருக்கும், வெயிலும் போயிருக்கும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கங்காரு_மாமா | ஜூலை 14, இரவு 10.20

இப்படிப் பயமுறுத்தினால் ஒருத்தரும் போக மாட்டார்கள் சார். ஹேன்காக் இறங்காமல் கரிஜினி பார்த்தேன் என்பது, சாப்பாட்டுக் கடைக்குப் போய் மெனுவை மட்டும் படித்துவிட்டு வந்த கதை. என் பையன் எட்டு வயதிலேயே ஸ்பைடர் வாக் முடித்தான். ஒரு நாளில் வீனோ, ஹேன்காக் இரண்டு கோர்ஜையும் பார்த்தோம்.

நர்ஸக்கா | ஜூலை 14, இரவு 11.05

தம்பி செம்மண்சட்டை, உங்கள் மகள் நடுங்கினாள் என்பது நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நடுங்கும்வரை உடம்பு போராடிக்கொண்டிருக்கிறது. நடுக்கம் நின்று, பேச்சு குழறி, பிள்ளை மந்தமாகிவிட்டால்தான் உண்மையான ஆபத்து. பிடிமானம் வழுக்கியது, பேசாமல் இருந்தது இரண்டையும் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். பாதி குளிராகக்கூட இருந்திருக்கும்.

நான் கரிஜினி இருக்கும் பில்பரா வட்டாரத்தில் மூன்று வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். வெளியூர்க்காரர்கள் பாம்பையும் வெயிலையும் நினைத்துப் பயப்படுவார்கள். கோர்ஜுக்குள்ளிருந்து வருகிறவர்களோ கணுக்கால் முறிந்தும், தலை அடிபட்டும், விறைத்துப் போயும்தான் வருவார்கள். மேலே 26 டிகிரி வெயில் அடிக்கும், கீழே சூரியனே படாத தண்ணீர். ஈர பனியனோடு பத்து நிமிடம் நிழலில் நின்றால் சின்ன உடம்பு தாங்காது.

மீட்பு என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்ததுபோல் நினைக்காதீர்கள். ஹெலிகாப்டர் உள்ளே இறங்க முடியாத இடுக்கு அது. கயிறு, ஸ்ட்ரெச்சர், பக்கத்து ஊர்களிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வரும் தன்னார்வலர்கள். உங்கள் கணுக்காலைத் தூக்கிக்கொண்டு அதே ஏணியில் அவர்கள் ஏற வேண்டும், மணிக்கணக்காகும். 2004 ஏப்ரலில் அப்படி ஒருவரை மீட்கப் போன அவசரச் சேவைத் தன்னார்வலர் ஒருவர் திடீர் வெள்ளத்தில் உயிரை விட்டார். ஹேன்காக்கில் கெர்மிட்ஸுக்கு அப்பால் இருக்கும் ரீகன்ஸ் பூலுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்றில்லை. மேட்டுப் பகுதியில் பெய்தால் போதும், இடுக்குக்குள் தண்ணீர் சுவர்போல் வரும். மேகம் கட்டினால் இறங்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வெட்சூட் (குளிர்த் தண்ணீருக்கான ரப்பர் உடை) வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் புகாத டிரை பேக்கில் உலர்ந்த கம்பளிச் சட்டை ஒன்று, கடலைமிட்டாய் கொஞ்சம். பிஎல்பி என்ற அவசர பீக்கன் ஒன்று வாடகைக்காவது எடுங்கள். அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போகும். ஆனால் வானம் தெரிய வேண்டும், இடுக்கின் அடியில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அதனால் மேலே இருப்பவர் கையில் ஒன்று இருப்பது மேல். உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

நிலா_அம்மா | ஜூலை 15, காலை 7.15

நர்ஸக்கா சொன்னதைப் படித்து இரவு தூக்கம் போய்விட்டது. எனக்கு வேறொரு சந்தேகம். கரிஜினி பாறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? வருகிற ஆகஸ்டுக்கு முன்பதிவு செய்துவிட்டேன், பிள்ளைகள் கல்லைக் கண்டால் எடுத்து வாயில் வைக்கிற வயது.

பாறைப்பித்தன் | ஜூலை 15, மதியம் 1.30

இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு என்று அந்தப் பக்கமே கிடக்கிறவன் என்பதால் நான் சொல்கிறேன்.

உண்மைதான். பாறை அடுக்குகளுக்கு நடுவே சில இடங்களில் நீலச் சாம்பல் நிறத்தில், பட்டு நூலை அடுக்கி வைத்ததுபோல் மெல்லிய கோடு தெரியும். அதுதான் நீல ஆஸ்பெஸ்டாஸ். பாறைக்குள் இருக்கும்வரை அது தூசியாகப் பறப்பதில்லை. உடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள், எடுத்துப் பையில் போடாதீர்கள். தேசியப் பூங்காவில் எந்தக் கல்லையும் எடுக்கக் கூடாது என்பது தனி.

பயப்பட வேண்டிய இடம் விட்டனூம். பூங்காவின் வடக்குப் பக்கம். 1966-ல் மூடிய நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கமும் அதன் ஊரும். 30 லட்சம் டன்னுக்கு மேல் கழிவை வெளியிலேயே கொட்டி வைத்துவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வரிசையாக நுரையீரல் நோயில் செத்தார்கள். 2007-ல் ஊரின் பெயரையே அரசுப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'பேய் ஊர்' என்று போட்டோ எடுக்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

பயமுறுத்தியது போதும், அந்தப் பாறையைப் பற்றிக் கொஞ்சம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு, நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிப் படிந்தது. ஓர் அடுக்கு இரும்பு, ஓர் அடுக்கு சிலிக்கா, மறுபடி இரும்பு. நீங்கள் ஃபோர்டெஸ்க்யூவில் பார்த்த படிக்கட்டு அந்த அடுக்குகள்தான். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துப் போய்க் கறுப்பு அடுக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில இடத்தில் இழுக்கும், சில இடத்தில் நழுவி விழும். இழுத்தால் மேக்னடைட், காந்தம் ஒட்டும் இரும்புத்தாது. என் மகள் ஒரு மணி நேரம் அதிலேயே இருந்தாள், நான் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

நடக்கிறவர்களுக்கும் அதில் பாடம் உண்டு. சொரசொரவென்ற சிவப்புப் பாறை காலைப் பிடிக்கும். தண்ணீர் தேய்த்து மினுமினுக்க வைத்த கறுப்புப் பாறை ஈரமானால் எண்ணெய் தடவிய தோசைக்கல். செருப்பு, கிராக்ஸ் ஆகாது. நனைந்தாலும் போகட்டும் என்று பழைய ஓட்டச் சப்பாத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இழையின் கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கை பிரச்சினை இல்லை, வரிசைதான் பிரச்சினை. கடினமானதைக் காலையில் செய்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

யாழ்_மெல்பர்ன் | ஜூலை 15, மாலை 6.40

செம்மண்சட்டை அண்ணை, உங்கட அம்மா தண்ணியைத் தொட்டுக் கும்பிட்டதை வாசிச்சு மனுசிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் போன வருசம் ஃபெர்ன் பூலில் நின்றபோது ஒரு கூட்டம் ஸ்பீக்கரோடு வந்தது. பாட்டு, கூச்சல், தளத்திலிருந்து குதிப்பு. அதில் இரண்டு பேர் தமிழில்தான் கதைத்தார்கள். நான் போய்ச் சொன்னேன். "எல்லா இடத்திலும் குதிக்கிறதுதானே அண்ணை" என்றார்கள்.

கீரிமலைக் கேணியில் பொடியள் குதிக்கிறதில்லையா என்று நீங்களும் கேட்பீங்கள். குதிப்பார்கள், நானும் குதிச்சிருக்கிறேன். ஆனால் அது எங்கட இடம், அங்கே என்ன செய்யலாம் என்று ஏசவும் விடவும் எங்கட பெரியவர்கள் இருக்கினம். கரிஜினி பன்ஜிமா, யின்ஹாவங்கா, குராமா சனங்களின் நிலம். 1991 வரைக்கும் அதற்கு ஹேமர்ஸ்லி ரேஞ்ச் என்றுதான் பெயர். பிறகுதான் அவர்களின் பெயர் திரும்பி வந்தது. நிலத்தைப் பறிகொடுத்து ஊரை விட்டு வந்த நாங்கள் இதை மற்றவர்களை விடக் கெதியாக விளங்கிக்கொள்ள வேணும் என்பது என் எண்ணம்.

பார்வையாளர் மையத்துக்கு முதலில் போங்கோ. துருப்பிடித்த இரும்புச் சுவர்களால் உடும்பு வடிவில் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் பிடிக்கும், எந்தப் பாதை திறந்திருக்கு, எது பூட்டு என்றும் அங்கேயே கேட்கலாம்.

கங்காரு_மாமா | ஜூலை 15, இரவு 8.10

பாறைப்பித்தன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். நாங்கள் ஹேன்காக்கில் இறங்கியது காலை ஒன்பதரை. பையனுக்கு வெட்சூட் இருந்தது. முன்னால் நான், பின்னால் மச்சான், நடுவில் அவன். வீனோவில் ஹேண்ட்ரெயில் பூல்வரை போய்க் கம்பியைப் பிடித்து இறங்க வேண்டிய இடத்தில் பையன் மாட்டேன் என்றுவிட்டான், அதனால் மேலே இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். இதையெல்லாம் நேற்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஆனாலும் மெனு உவமையை வாபஸ் வாங்க மாட்டேன்.

செம்மண்சட்டை | ஜூலை 15, இரவு 9.00

மாமா, உங்கள் பையன் மாட்டேன் என்றதும் திரும்பினீர்களே, அதைத்தான் நான் செய்யவில்லை. வரிசையை மாற்றியிருந்தால் குளிர் குறைந்திருக்கும். ஆனால் பிள்ளை சொன்னதைக் கேட்காத அப்பா காலை ஒன்பதரைக்கும் அதே அப்பாதான்.

புதுவரவு_அடிலெய்ட் | ஜூலை 16, காலை 10.25

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு நாலு வயதுக் குழந்தை, கூட மாமனார் மாமியார். வாடகை செடான் கார். கிளாஸ் 5 பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம். இருந்தும் போகலாமா?

பாறைப்பித்தன் | ஜூலை 16, மதியம் 12.15

தாராளமாக. பெர்த்திலிருந்து பாராபர்டூவுக்கு விமானம், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அங்கே கார் எடுங்கள். தார் போடாத சாலையில் போகலாமா என்று வாடகை ஒப்பந்தத்தை எழுத்து விடாமல் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் கூடாது. பூங்காவுக்குள் கலமினா போன்ற இடங்களுக்கு மண் சாலைதான்.

முதல் நாள் டேல்ஸ் மட்டும். மாமனார் மாமியாருக்குப் படி முடியாவிட்டால் விளிம்பு ஓரமாகவே நடந்து மேலிருந்து பார்க்கலாம். அடுத்த நாள் ஆக்ஸர் லுக்கவுட். நான்கு கோர்ஜ்கள் வந்து கூடுவதை மேலே நின்றே பார்க்கலாம், ஒரு கால்கூட நனையாது. விளிம்பில் குழந்தையின் கையை விடாதீர்கள், தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. புரூஸ் மலையில் உச்சிவரை போக வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து கொஞ்சம் நடந்தாலே மரண்டூ சுரங்கம் தெரியும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான இரும்புத்தாது ரயில், ஓட்டுநர் இல்லாமல் போவதைக் கண்டால் நாலு வயது உங்களைக் கிளம்ப விடாது.

பெட்ரோல் டாம் பிரைஸில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பொழுது சாய்ந்தால் ஓட்டாதீர்கள், மாடும் கங்காருவும் ரோட்டில்தான் நிற்கும். எதிரே ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் ஐம்பது மீட்டர் நீள லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போங்கள், அது ஒதுங்காது.

நிலா_அம்மா | ஜூலை 16, மதியம் 2.00

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன், தெரிந்தவர் சொன்னது. டேல்ஸ் முகாம் இடத்துக்கு ஆறு மாதம் முன்பே உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும், பள்ளி விடுமுறையில் உடனே தீர்ந்துவிடும். ராத்திரி குளிர் பூஜ்யத்துக்குப் பக்கம் போகிறதாம். போர்வை போதாது, நல்ல ஸ்லீப்பிங் பேக் வேண்டும்.

நர்ஸக்கா | ஜூலை 17, இரவு 8.45

தம்பி, மகள் பேசினாளா?

செம்மண்சட்டை | ஜூலை 17, இரவு 9.30

பேசினாள் அக்கா. நேற்று இந்த இழையைப் படித்துக்காட்டச் சொன்னாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். இப்போது எழுதிவிட்டேன்.

அடுத்த ஜூலைக்கு ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். வெட்சூட் இரண்டு. ஹேன்காக் காலை பத்து மணிக்கு. அப்பா பின்னால் வர வேண்டும். கீழே தம்பி கிறுக்கல் எழுத்தில் 'காந்தம்' என்று சேர்த்திருக்கிறான்.

அம்மாவுக்கு ஒரே குறை. அந்த நைட்டி மூன்று தடவை துவைத்தும் சிவப்பு போகவில்லை. யாருக்காவது வழி தெரியுமா?

கங்காரு_மாமா | ஜூலை 17, இரவு 9.41

உங்கள் பேரை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள் சார்.